ஏ பக்கம் நீ உழக்கியது

மாங்குளம்
24.08.2025

அன்பின் மச்சான்,

சுகமா? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் மட்டும்தான். சிறுபோகம் வெட்டி முடிந்தது. யானை விட்டுவைத்ததை நாங்கள் எடுத்தோம். நெல் விலை கேட்காதே. சின்னவன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான், அதாவது புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கிறான். முகவுரை முடிந்தது.

ஐந்து மாதமாக ஏன் ஒரு வரி இல்லை என்று கேட்டிருந்தாய். கோபம்தான், வேறென்ன. மார்ச் 8ஆம் திகதி லண்டனில் இளையராஜாவின் சிம்பனியை நேரில் இருந்து கேட்டவன் நீ. எங்கள் கூட்டத்திலேயே ஒருத்தனுக்குக் கிடைத்த வாய்ப்பு. ரோயல் பில்ஹார்மொனிக் ஆட்கள் வாசிக்க, பண்ணைப்புரத்து மனுசன் மேடையில் நிற்க, நீ கதிரையில் இருந்திருக்கிறாய். நான் பத்துப் பக்கக் கடிதத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தது 'செம மச்சான், சொல்ல வார்த்தை இல்லை'. கூடவே முப்பது விநாடி வீடியோ ஒன்று, அதிலும் பாதி முன்னால் இருந்தவரின் மொட்டை. வார்த்தை இல்லாமல் போகிறவனா நீ? எங்கள் கூட்டாளி கட்டையனுக்காக நீ எழுதிக் கொடுத்த காதல் கடிதங்களுக்கெல்லாம் வார்த்தை எங்கேயிருந்து வந்தது? அதைவிட, 'செம' எப்போதிருந்து பழகினாய்?

சரி, அது ஆறிவிட்டது. இப்போது எழுதுவது வேறு விசயம். அதற்கு முதல் உன்னோடு ஒரு சண்டை பாக்கி இருக்கிறது.

மெய்யழகன் இழுவை என்றாய். உன்னைப் போன்றவர்களின் வாய்க்குப் பயந்துதான் போன வருடம் படம் வந்து சில நாளிலேயே 18 நிமிடத்தை வெட்டி எறிந்தார்கள். இரண்டு ஆம்பிளைகள் ஒரு இரவு முழுக்க இருந்து கதைக்கிறார்கள், அதுதான் படம். அதில் எதை வெட்டுவது? வவுனிக்குளத்துக் குளக்கட்டில் இருந்து நாங்கள் கதைத்ததில் தேவையில்லாததை வெட்டச் சொன்னால், கடைசியில் மிஞ்சுவது 'சரி, போவமா' என்பது மட்டும்தான். இசை போட்ட கோவிந்த் வசந்தா தானே ஒரு வயலின்காரர். ஆனாலும் அரவிந்த்சாமியும் கார்த்தியும் கதைக்கும்போது எங்கே பேசாமல் இருக்க வேண்டும் என்று அந்த மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. கமலைப் பாடவைத்திருக்கிறார்கள். குரலில் வயது தெரிகிறது, தெரியட்டும், அந்தக் கதைக்கு அதுதான் வேண்டும். பிரேம்குமாரின் 96 வந்தபோதும் நீ இழுவை என்றுதான் சொன்னாய். பிறகு மூன்று தரம் பார்த்ததாக உன் மனிசிதான் எனக்குச் சொன்னா.

நான் அதைப் பார்த்த கதையைக் கேள். பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே சமையல் வேலையை முடித்துவிட்டு, சின்னவன் ரிவியில் போட்டுத் தர, எல்லோரும் பாயில் இருந்து பார்க்கிறோம். கார்த்தி விடாமல் கதைத்துக்கொண்டிருக்கிறான், பதினொரு மணி தாண்டியிருக்கும், கரண்ட் போய்விட்டது. எங்கள் வீட்டில் மட்டும் என்று நினைத்துப் படலைக்கு ஓடினால் சந்தி முழுக்க இல்லை. பிறகுதான் தெரிந்தது, பாணந்துறையில் ஒரு குரங்கு மின்கம்பியில் தொங்கி முழு நாட்டையும் நிறுத்திவிட்டதாம். இலங்கைச் சரித்திரத்தில் குரங்குக்கு இது இரண்டாவது பெரிய வேலை. முதலாவது வால் நெருப்பு.

பொடியன் தவித்துப்போனான். 'அப்பா, கரண்ட் இல்லாத காலத்தில் நீங்கள் என்ன செய்தனீங்கள்?' என்று கேட்டான். அவன் பிறக்கும்போதே வீட்டில் பல்ப் எரிந்தது, அவனுக்கு எப்படித் தெரியும்? ஜாம் போத்தல் விளக்கு, கலியாண வீட்டில் ஜெனரேற்றர் வைத்து விடிய விடிய மூன்று படம் ஓட்டியது, மண்ணெண்ணெய் முடிந்ததும் இரண்டாவது படத்தின் கிளைமாக்ஸைக் கட்டையன் நடித்துக் காட்டியது, எல்லாம் சொன்னேன். சண்டைக் காலத்தில் பற்றரி வன்னிக்குள் வரத் தடை என்றதும் நம்பாமல் பார்த்தான். சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்டோம் என்றேன். சிரித்தான். போய் வாசலில் நின்ற தன்னுடைய சைக்கிளைப் பார்த்துவிட்டு வந்து, 'இதில் டைனமோ எங்கே பூட்டுறது?' என்றான்.

பின்னேரம் கரண்ட் வந்து, படம் விட்ட இடத்திலிருந்து ஓடியது. அடுத்துச் சைக்கிள் வந்தது.

சைக்கிளைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

டூரிஸ்ட் ஃபேமிலி பார்த்தாயா? மே முதலாம் திகதி வந்தது. கட்டாயம் அம்மாவோடு இருந்து பார்க்க வேண்டிய படம். 2022இல் இங்கே அரிசி, பெற்றோல், காஸ் எல்லாவற்றுக்கும் வரிசையில் நின்றோமே, அந்த நேரம் குடும்பத்தோடு படகேறி இராமேஸ்வரத்துக்குப் போய், பிறகு சென்னையில் ஒளிந்து வாழ்கிற எங்கள் ஆட்களின் கதை. சசிகுமாரும் சிம்ரனும். எடுத்தவர் அபிஷன் ஜீவிந்த், அவருக்கு இது முதல் படம். மன்னாரிலிருந்து போய்த் தனுஷ்கோடி மணல்திட்டில் இறங்கி நின்ற சனத்தின் படத்தை அந்த வருடம் பேப்பரில் பார்த்திருப்பாய். அதை அழுகைப் படமாக எடுக்காமல் சிரிக்கவைத்து எடுத்திருக்கிறார். அம்மா பார்த்துவிட்டுச் சொன்னா: 'ஒளிச்சிருக்கப் போன இடத்திலயும் அயலட்டையோட கதைக்காமல் இருக்கேலாது எங்கட சனத்துக்கு.' இதைவிட நல்ல விமர்சனம் நான் வாசிக்கவில்லை. ஷான் ரோல்டனின் முகை மழை பாட்டு இரண்டு கிழமை வீட்டில் ஓடியது. இவள், என் மனிசி, சோறு வடிக்கும்போதும் முணுமுணுத்தாள்.

குறை இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தத் தெரு முழுக்க நல்லவர்கள். அப்படியொரு தெருவில் நான் இன்னும் குடியிருக்கவில்லை. பேச்சும், சில இடத்தில் சொல் எங்களுடையது, இழுப்பு அவர்களுடையது. ஆனால் 2000இல், கமல் எங்கள் பேச்சென்று பேசிய தெனாலியைப் பார்த்துவிட்டு நீயும் நானும் ஆளாளுக்குப் பட்ட பாட்டோடு பார்த்தால் இது எவ்வளவோ மேல். அந்த ஈஸ்ற்ஹாம் கடைக்காரர் இன்னும் உன்னைத் 'தெனாலி மாதிரி ஒருக்காக் கதையுங்கோ' என்று கேட்கிறாரா?

கண்ணுக்கு ஒப்பரேஷன் என்று அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப்போனபோது நான் வாயைத் திறந்த இடமெல்லாம் 'சார் கேரளாவா?' என்றார்கள். ஓட்டோக்காரர், மருந்துக்கடைக்காரர், இட்லி விற்ற அம்மா எல்லோரும். அப்போது எனக்குப் பாடகர் ஜெயச்சந்திரன்தான் ஞாபகம் வந்தார். உண்மையாகவே கேரளாக்காரர். ஆனால் ராசாத்தி உன்ன என்று அவர் தொடங்கினால் எந்த ஓட்டோக்காரருக்கும் அந்தச் சந்தேகம் வராது.

இப்போது விசயத்துக்கு வருகிறேன். ஜனவரி 9ஆம் திகதி அவர் போய்விட்டார், 80 வயது. நீ அன்றைக்கு ஒரு வரி அனுப்பினாய், நான் பதில் போடவில்லை. என்ன போடுவது? எங்களுக்கு அவர் செத்துப்போகிற வயதில் இருந்த ஆள் இல்லையே. மல்லாவிக் கொட்டிலில், கிடுகுக் கூரைக்குக் கீழே, இரவில் தூத்துக்குடி வானொலியில் வந்த குரல். நாங்கள் பதினெட்டு வயதில் இருந்தோம், அவரும் அப்படியே இருந்தார்.

ஆனியில் வவுனியாவுக்குப் போனபோது உன் சின்ன மாமியிடம் போனேன். வீட்டுக்குப் புது ஓடு போடுகிறா, அலுமாரியெல்லாம் வெளியே. 'தம்பி, இது உங்கட குப்பையோ?' என்று ஒரு பிஸ்கற் தகரத்தைத் தந்தா. நீ 1999இல் வன்னியை விட்டு வெளியேறப் பாஸ் எடுத்துப் போகும்போது அங்கே விட்டுப்போன தகரம். பேனை, பழைய அடையாள அட்டைப் படங்கள், கட்டையனுக்கு எழுதி அவன் வாங்காமல் விட்ட கடிதம் ஒன்று (அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், விலை பேசலாம்), அடியில் ஒரு கசெற். உன் கையெழுத்து: 'ஜெயச்சந்திரன், 1997, அழிக்காதே.'

கசெற்றைக் கேட்க ரேப் ரெக்கோடர் வேண்டுமே. கிளிநொச்சியில் எங்கள் ரேடியோ அண்ணையிடம் போனேன். இப்போது போன் திருத்துகிறார், ஆனால் மேசைக்குக் கீழே பழைய சாமான் எல்லாம் இருக்கிறது. ஒன்றை எடுத்துத் திறந்தால் உள்ளே றப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி, சில்லோடு ஒட்டிப்போயிருக்கிறது. தின்னர் போட்டுத் துடைத்து எடுக்க அரை நாள். கசெற்றிலும் நாடாவைத் தலையோடு அழுத்துகிற அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு விழுந்துபோயிருந்தது. அதை அப்படியே ஓட்டினால் சத்தம் வராது. திருகாணி உள்ள வேறொரு கசெற்றை, அது ஒரு பக்திப் பாட்டு, கழற்றி, உன் நாடாவை அதற்குள் மாற்றினார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு செய்தார். பிறகு பென்சிலை விட்டு இரண்டு சுற்று இறுக்கிவிட்டு, 'போடு' என்றார்.

மச்சான், பாட்டு வந்தது. மயங்கினேன் சொல்லத் தயங்கினேன். இரைச்சலுக்குள்ளிருந்து சுசீலாவும் அவரும். முதல் சரணம் சுத்தமாக ஓடியது. இரண்டாவதில் மெல்ல மெல்ல ஜெயச்சந்திரனின் குரல் ஏறத் தொடங்கியது. ஏறி, பதின்மூன்று வயதுப் பொடியன் பாடுகிற மாதிரி ஆகி, தாளமும் ஓடிப்போய், திடீரென்று பழையபடி இறங்கிக் கனத்த குரலாகிவிட்டது. நான் மெசின் பிழை என்று நினைத்தேன். ரேடியோ அண்ணை சிரிக்கிறார். 'எதிலயடா ரெக்கோட் பண்ணினீங்கள்? டைனமோவிலயோ?'

விளங்கியதா? நீ உழக்க உழக்கத்தானே ரேப் ஓடியது. நீ களைத்தால் மோட்டர் மெதுவாகும், நாடா மெதுவாகப் போகும், பாட்டு நெருக்கமாகப் பதியும். அதை இப்போது சரியான வேகத்தில் ஓட்டினால் அந்த இடம் துள்ளும். நீ களைத்த இடமெல்லாம் ஜெயச்சந்திரன் சின்னப்பொடியன் ஆகிறார். 'டேய், விடாமல் உழக்கடா' என்று நான் கத்தின இடத்தில் திரும்ப ஆம்பிளை ஆகிறார். ரேடியோவிலிருந்து நேரே பதிந்தது, அதனால் எங்களுடைய சத்தம் ஒன்றும் அதில் இல்லை. உன்னுடைய கால் மட்டும் இருக்கிறது.

ராசாத்தி உன்ன பாட்டில் நீ அவ்வளவு களைக்கவில்லை. யாரை நினைத்துக்கொண்டு உழக்கினாய் என்று எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அந்தப் பாட்டைப் படத்தில் போட்டால் காட்டிலிருந்து யானைகள் தியேட்டருக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் என்று ஒரு கதை சொல்வார்கள், கேட்டிருப்பாய். எங்கள் யானைகளுக்கு இசைஞானம் போதாது. போன மாதம் வயல் காவலில் இருந்து போனில் அதையே போட்டுப் பார்த்தேன். அது பாட்டுக்கு நெல்லைத் தின்றுகொண்டு நின்றது.

இன்னொன்று யோசித்தாயா? கன்னத்தில் முத்தமிட்டால், 2002. கதை தொடங்குவது எங்கள் மாங்குளத்தில். சண்டை நின்று பாதை திறந்து, நாங்கள் திரும்பி வந்து, சந்தியில் ஒரு முழுச் சுவர்கூட இல்லாத நேரம் அந்த சீடி வந்தது. வளவு நிறையச் சனம். அந்தப் பச்சையையும் தண்ணீரையும் பார்த்துவிட்டு ஒரு கிழவர், 'இது எந்த மாங்குளமடா மோனை, எனக்கும் ரெண்டு ஏக்கர் அங்க வாங்கித் தா' என்றார். வளவே சிரித்தது. பிறகு ஒரு தெய்வம் தந்த பூவே வந்தது, சிரிப்பு நின்றது. அதைப் பாடியதும் இவர்தான், கூடப் பாடிய சின்மயிக்கு அதுதான் முதல் சினிமாப் பாட்டு. மாங்குளத்துப் பிள்ளைக்காக அவர் பாடினார். ஐந்து வருடத்துக்கு முதல் மாங்குளத்துப் பெடியன் ஒருத்தன் அவருக்காக உழக்கினது அவருக்குத் தெரியாது. நீ அந்த நேரம் இங்கே இல்லை. அன்றைக்கு உனக்கு எழுத நினைத்து எழுதாமல் விட்டது இது.

சரி. சைக்கிள்.

மெய்யழகன் பார்த்தவன்தானே நீ. ஊரை விட்டுப் போகும்போது அருள்மொழி (அரவிந்த்சாமி) வீட்டார் விட்டுப்போன சைக்கிளால் தன் வீடு நிமிர்ந்தது என்று கார்த்தி சொல்லி, இவ்வளவு காலமும் வைத்திருந்து காட்டுகிறானே. சின்னவன் அந்த இடத்தில், 'உங்கட டைனமோச் சைக்கிள் எங்கே அப்பா?' என்று கேட்டான். நான் எழும்பி வெளியே போனேன்.

நீயும் கேட்டதில்லை. 2015இல் நாலு நாள் வந்து நின்றாய். அந்தத் தாழ்வாரத்தை ஒரு தரம் பார்த்தாய். நான் தேத்தண்ணீர் போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

உன் அப்பாவின் ரலிச் சைக்கிள் எங்களுக்கு என்ன செய்யவில்லை? அம்மாவுக்கு மலேரியா என்று நடுச்சாமத்தில் பின்னால் ஏற்றி, என் முதுகோடு சேர்த்துச் சேலையால் கட்டிக்கொண்டு மல்லாவி ஆஸ்பத்திரிக்குப் போனது அதில்தான். தங்கச்சி ஏ.எல். படித்தது அதில். வாழைக்குலை சந்தைக்குப் போனது அதில். இவளை முதல்முதல் முறிகண்டிக்குக் கூட்டிப்போய்க் கச்சான் வாங்கிக் கொடுத்ததும் அதில்தான். கடைசி இடம்பெயர்வில் அரிசி, தறப்பாள், பானை, சட்டி, எல்லாம் கட்டித் தள்ளிக்கொண்டு விசுவமடு, தேவிபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று கொண்டுபோனேன். முன் ரயர் போய், உள்ளே துணி அடைத்து ஓட்டினேன். வட்டுவாகலுக்கு இங்கால எல்லாவற்றையும் போட்டுவிட்டு நடக்கச் சொன்னார்கள். ஒரு பனையோடு சாத்திவிட்டு, மச்சான், பூட்டினேன். சுற்றிவரச் சனம் ஓடுகிறது, இவள் கையைப் பிடித்து இழுக்கிறாள், நான் குனிந்து பூட்டிக்கொண்டு நிற்கிறேன். திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். அது செட்டிகுளம் முகாமில் எங்கேயோ துலைந்தது.

பிறகு, அந்தப் பக்கம் போக விட்டபோது, போய்ப் பார்த்தேன். சைக்கிள்களை மலைபோலக் குவித்திருந்தார்கள், எல்லாம் ஒரே நிறம், துரு நிறம். பூட்டிய சைக்கிளைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடலாம் என்ற யோசனையில்தான் போனேன். எத்தனையோ சைக்கிள் பூட்டித்தான் இருந்தது. மத்தியானம் வரைக்கும் நின்றேன். டைனமோ பூட்டிய இரும்புத் தகடு உள்ள ஒன்றைப் பிடித்து இழுத்தேன், வரவில்லை. வந்துவிட்டேன்.

இதுதான் நான் உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தது. பதினாறு வருடம்.

கசெற்றைப் போனில் ஏற்றியிருக்கிறேன், இதோடு வரும். ரேடியோ அண்ணையின் மகன் கம்பியூற்றரில் வேகத்தைச் சரிசெய்து தரலாம் என்றான். கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். சுத்தமான ஜெயச்சந்திரன் வேண்டுமென்றால் போனிலேயே கிடக்கிறார், யாரும் கேட்கலாம்.

பி பக்கம் நான் உழக்கியது. அதில் ஒரு இடத்திலும் குரல் ஆடவில்லை என்று எழுத எனக்கு ஆசைதான். கொடியிலே மல்லியப்பூ முழுக்க அணில் கத்துகிற மாதிரி இருக்கிறது. இவள் கேட்டுவிட்டு, 'நீங்கள் அப்பவும் இப்படித்தானோ?' என்று கேட்டாள். அதை நீ கேட்காமல் விட்டால் நல்லது, ஆனால் விடமாட்டாய்.

அந்த அளவு றப்பர் பெல்ட் அங்கே எடுக்கலாமாம், ரேடியோ அண்ணை அளவு எழுதித் தந்திருக்கிறார், பின்பக்கத்தில் இருக்கிறது. நாலைந்து அனுப்பு. மாமிக்கும் ஒருக்கால் போன் எடு, ஓட்டு வேலைக்குக் காசு போதாது போல, வாயைத் திறந்து கேட்கமாட்டா. சிம்பனியைப் பற்றி நான் கேட்ட பத்துப் பக்கம் இன்னும் பாக்கி.

இன்னொன்று. ரலி பச்சை என்று நான் சொல்கிறேன், கறுப்பு என்று அம்மா சொல்கிறா. எது சரி?

உன்
மச்சான்